நூறு மில்லிக்குப் பதினேழு கிராம்

எங்கள் ஹாஸ்டல் மெஸ்ஸில் ஞாயிற்றுக்கிழமை என்றால் தேங்காய்ப்பால் சாதம். திருப்பதியிலேயே இருந்துகொண்டு மலைப்பக்கம் தலைவைக்காத அறுபது மாணவர்கள், வாரத்துக்கு ஒருமுறை பக்தியோடு வரிசையில் நிற்பது அதற்கு மட்டும்தான்.

மார்கழி பிறந்ததிலிருந்து அந்தச் சாதம் சரியில்லை. நிறம் இருந்தது. வாசனைகூடக் கொஞ்சம் இருந்தது. ஆனால் வாயில் வைத்தால், தேங்காய்ப்பால் அந்தப் பக்கமாக நடந்து போனதைச் சோறு தூரத்திலிருந்து பார்த்திருக்கிறது, அவ்வளவுதான் என்று தோன்றும். முதல் வாரம் முணுமுணுத்தார்கள். இரண்டாம் வாரம் சமையல்கார செல்லியம்மா அக்காவின் பெயர் அடிபட்டது. அக்கா ஞாயிறு சாயங்காலம் தன் ஊரான விஜயபுரத்துக்கு பஸ் ஏறும்போது கையில் ஒரு பை இருக்கும். பை பெரிய பை. அதற்குமேல் யாருக்கும் ஆதாரம் தேவைப்படவில்லை.

மெஸ் கமிட்டிச் செயலாளர் நான். பெயர் மணிவேல், ஊர் நகரி, உணவுத் தொழில்நுட்பம் மூன்றாம் வருடம். தேர்தலில் ஜெயித்து வந்தவன் என்று நினைக்க வேண்டாம். கூட்டத்துக்கு வராதவனைச் செயலாளராகப் போடுவது எங்கள் ஹாஸ்டல் வழக்கம். அன்று எனக்குக் காய்ச்சல்.

என் அறைத்தோழன் ரமணாவுக்கு ஏர்பேடு. அவன் அம்மா அங்கே பால் சென்டர் நடத்துகிறார். சென்டரில் ஒரு மெஷின் உண்டு. இரண்டு கரண்டி பாலை ஊற்றினால் ஒரு நிமிடத்தில் கொழுப்பு இவ்வளவு, தண்ணீர் இவ்வளவு என்று சீட்டு அடித்துக் கொடுத்துவிடும். எங்கள் பக்கத்தில் ஜோசியரை நம்பாதவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சீட்டை நம்பாதவர்கள் இல்லை. மூன்றாம் ஞாயிறு காலை, அக்கா டப்பாக்களைத் திறந்து அண்டாவில் ஊற்றிவைத்திருந்த தேங்காய்ப்பாலில் ஒரு பாட்டில் மொண்டுகொண்டு ரமணா ஊருக்குப் போனான். சாப்பாட்டு வேளைக்குச் சீட்டோடு திரும்பினான்.

கொழுப்பு 4.2. சேர்க்கப்பட்ட தண்ணீர் 61 சதவீதம். உறுப்பினர் எண் 47, எருமை. விலை 0.00.

அதை வாங்கி மெஸ் போர்டில் ஒட்டினேன். கீழே பேனாவால் ஒரு வரி எழுதினேன்: “கைப்பக்குவத்துக்கு நன்றி.” அதை நகைச்சுவை என்று நினைத்துத்தான் எழுதினேன். அறுபது பேரும் சிரித்தார்கள். அறுபத்தோராவது ஆளாக வந்து படித்தவர் வார்டன் ஸ்ரீனிவாசராகவன். அவர் சிரிக்கவில்லை.

வார்டன் சார் காமர்ஸ் பாடம் எடுக்கிறவர். அச்சில் வந்த எண்ணைக் கண்டால் எழுந்து நிற்பார். எங்கள் மெஸ்ஸில் இதுவரை ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. தன் வீட்டில் தளிகை பண்ணியதைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை என்பது அவர் ஆசாரம். ஆகவே சாதம் எப்படி இருக்கிறது என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. சீட்டு மட்டும்தான் தெரியும்.

“இது மெஷின் போட்டதா?”

“ஆமா சார். ஆனா அது பசு, எருமைக்கு…”

“மெஷினுக்குப் பக்ஷபாதம் உண்டோ?”

“இல்ல சார்.”

“அப்போ வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கமிட்டி கூடறது. அந்த அம்மா பதில் சொல்லட்டும். சொல்லலேன்னா பொங்கலுக்கு முன்னாடி வேற ஆளைப் பார்த்துக்கலாம்.”

பதினோரு வருடமாகச் சமைக்கிற ஆள். சித்தூரில் நர்ஸிங் படிக்கிற மகள் தேவசேனா இந்தச் சம்பளத்தில்தான் படிக்கிறாள். நான் எழுதியது மூன்று சொல்லும் இல்லை.

அன்று சாயங்காலம் கேட்டில் செக்யூரிட்டி அக்காவின் பையைத் திறக்கச் சொன்னார்.

திங்கட்கிழமை காலை சமையலறைக்குப் போனேன். அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமலே பேசினார்.

“வாங்க செக்கரட்டரி சார். இன்னிக்கு எத்த அவுத்துக் காட்டணும்? மாவு மூட்டயா, மளிகை மூட்டயா?”

“வெளாட்டுக்கு ஒட்டினேன்க்கா. இப்படி ஆவும்னு…”

“வெளாட்டா? அந்த செக்யூரிட்டி எம் பொடவய ஒண்ணொண்ணா எடுத்து ஸ்டூலு மேல வெச்சானே, அவனும் வெளாண்டான். எம்மாம் பேரு பாத்துக்கினு நின்னானுங்க தெரியுமா? எங்கையால துன்னவனுங்கதான் எல்லாம்.”

நான் கேட்க வந்ததைக் கேட்டேன். “தண்ணி ஊத்துனீங்களாக்கா?”

“ஊத்துனேன்.”

வேறு யார் காதிலாவது விழுந்ததா என்று வாசலைத் திரும்பிப் பார்த்தேன்.

“இன்னா முழிக்கிற? அரிசிய வேவ வெக்கத் தண்ணி ஊத்தாம டீசலா ஊத்துவாங்க?”

“சோத்துல இல்லக்கா. பாலுல.”

“டப்பாவ அலசி ஊத்துவேன். டப்பாவுக்கு ஒரு கை தண்ணி. ஒட்டிக்கினு இருக்கறது வீணாப் போவக் கூடாதுல்ல? அதுக்கும் உங்கிட்ட சீட்டு வாங்கணுமா?”

ஸ்டோர் ரூமிலிருந்து சீல் உடைக்காத டப்பா ஒன்றை எடுத்து லேபிளைப் படித்தேன். மூன்று வருடமாக இதைத்தான் படிக்கிறேன் என்றாலும், தேர்வு இல்லாமல் ஒரு லேபிளைப் படித்தது அதுதான் முதல்முறை. நானூறு மில்லி. நூறு மில்லிக்கு நூற்று அறுபத்தேழு கலோரி. மாவுச்சத்து இரண்டு கிராம், புரதம் ஒன்றரை, கொழுப்பு பதினேழு. முன்பக்கம் ‘கொலஸ்ட்ரால் 0’ என்று கல்யாணப் பத்திரிகை அளவில் அச்சடித்திருந்தார்கள். தேங்காய்க்கு எந்தக் காலத்திலும் கொலஸ்ட்ரால் இருந்ததில்லை. தென்னை மரத்துக்கு மூட்டுவலி கிடையாது என்று போட்டுக்கொள்வது மாதிரிதான் அது. அந்தப் பதினேழில் பதினைந்து கிராம் நிறைவுற்ற கொழுப்பு என்ற தகவல் பின்பக்கம் எறும்பு படிக்கும் எழுத்தில் இருந்தது.

பதினேழு எப்படி நாலாகும்? டப்பாவுக்கு ஒரு கைத் தண்ணீர் ஊற்றினால் பதினேழு பதினைந்தாகும். நாலாக வேண்டுமென்றால் ஒரு டப்பாவுக்கு மூன்று டப்பா தண்ணீர் ஊற்ற வேண்டும். அந்த அளவுக்கு அண்டா நிரம்பியிருந்தால் அக்கா உள்ளே நீச்சலடித்திருக்கலாம்.

எனக்குத் தோன்றிய வழி ஒன்றுதான். மெஷின் பொய் சொல்கிறது என்று மெஷினை வைத்தே காட்ட வேண்டும். செவ்வாய் மதியம், சீல் உடைக்காத அந்த டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு ரமணாவோடு ஏர்பேடு பஸ் ஏறினேன். ஜன்னலோரம் நல்ல வெயில். ரோடு, ரோடு மாதிரி இல்லை. டப்பா மடியிலேயே குதித்துக்கொண்டு வந்தது.

ரமணாவின் அம்மா ருக்மணி டப்பாவை வாங்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மூடியை முழுசாக வெட்டி எடுத்தோம். உள்ளே பால் கெட்டியாக, ஒரே சீராக, விளம்பரத்தில் வருகிற மாதிரி இருந்தது. மெஷினில் ஊற்றினோம். சீட்டு வந்தது.

கொழுப்பு 16.8. சேர்க்கப்பட்ட தண்ணீர் 54 சதவீதம்.

“சூடுரா மணி, இதப் பாரு!” என்று ரமணா குதித்தான். “சீல் ஒடைக்காத டப்பாவுக்கே அம்பத்தி நாலு! அக்கா தப்பிச்சாங்கரா!”

“இது பசுவுக்கும் எருமைக்கும் செட் பண்ணது பாபு,” என்றார் ருக்மணி. “மாட்டுப் பாலுல சக்கரை, சத்து எல்லாம் இம்மாம் இருக்கணும்னு அதுக்குச் சொல்லி வெச்சிருக்காங்க. கொறஞ்சா தண்ணின்னு சொல்லும். தேங்காயப் பத்தி அதுக்கு இன்னா தெரியும், பாவம்.”

நானும் குதிக்கலாம் என்று எழுந்தேன். அதற்குள் அவர் ஞாயிற்றுக்கிழமைச் சீட்டையும் புதுச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். தினமும் இருநூறு சீட்டு பார்க்கிற கண்.

“தண்ணிய வுடு. கொழுப்பப் பாரு. இதுல பதினாறு, அன்னிக்கு நாலு. ரெண்டும் ஒரே கம்பெனி. மிச்சம் பன்னெண்டு எக்கட போயிந்தி? எங்க போச்சு?”

ரமணா உட்கார்ந்துவிட்டான்.

திரும்பி வரும் பஸ்ஸில் கணக்குப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்குப் பதினைந்து டப்பா, ஆறு லிட்டர். நூறு மில்லிக்குப் பன்னிரண்டு கிராம் வீதம் பார்த்தால், வாராவாரம் முக்கால் கிலோ கொழுப்பு காணாமல் போகிறது. முக்கால் கிலோ என்பது ஒரு பையில் வைத்துக்கொண்டு விஜயபுரத்துக்கு பஸ் ஏறக்கூடிய எடை. அக்காவைக் காப்பாற்றப் போனவன் அக்காவுக்கு எதிராகக் கெட்டியான சாட்சி ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வருகிறேன்.

“கிழிச்சிப் போட்டுர்ரா,” என்றான் ரமணா. “யாருக்குத் தெரியப் போவுது?”

“எனக்குத் தெரியுமே.”

“நீ எப்பலேர்ந்துரா இப்படி ஆன?”

உண்மையைச் சொன்னால், அது நேர்மையால் இல்லை. அந்தப் பன்னிரண்டு கிராம் எங்கே போகிறது என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வராது போலிருந்தது.

புதன்கிழமை முழுக்க அக்காவைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. வியாழன் காலை ஆறரை மணிக்குப் போய் இரண்டு சீட்டையும் அவர் முன்னால் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா அடுப்பைத் தணித்தார்.

“நீயும் அப்படித்தான் நெனைக்கிறியா?”

“இல்லக்கா.”

“வாயி இல்லங்குது. கண்ணு வேற சொல்லுது.”

“எங்க போவுதுன்னு தெரியலக்கா. அதான். நீங்க டப்பாவ எப்படித் தொறக்கறீங்கன்னு ஒருதரம் காட்டுங்க.”

“டப்பா தொறக்கறதுக்கு இன்னா வித்த வேணும்?” என்று ஸ்டோர் ரூமுக்குப் போனார். தண்ணீர்த் தொட்டிக்கு ஒட்டின அறை. மார்கழிக் காலையில் அதன் தரையில் வெறுங்காலை வைத்தால் தொடைவரை சிலிர்க்கும். அங்கிருந்து ஒரு டப்பாவை எடுத்துவந்தார். கத்தி முனையை மூடியின் ஓர் ஓரத்தில் வைத்து, குழவியால் ஒரு தட்டு. எதிர் ஓரத்தில் இன்னொரு தட்டு. எண்ணெய் டின்னைத் திறக்கிற மாதிரி: ஒரு ஓட்டை ஊற்றுவதற்கு, இன்னொன்று காற்றுக்கு. டப்பாவைச் சாய்த்தார். வெள்ளையாக, மெல்லிசாக, கஞ்சித் தண்ணீர் மாதிரி இறங்கியது. நின்றதும் ஓட்டை வழியாக ஒரு கைத் தண்ணீர் விட்டு, குலுக்கி, அதையும் ஊற்றினார். டப்பாவை மூலையில் இருந்த கோணிப்பைக்குள் எறிந்தார்.

“ஆச்சு. இதுல எங்க திருடறது?”

நான் கோணிப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலி டப்பா விழுந்தால் ‘டங்’ என்று கேட்க வேண்டும். இது ‘தொப்’ என்றது.

எடுத்துப் பார்த்தேன். கனத்தது. மளிகைத் தராசில் வைத்தேன். இருநூற்று ஐந்து கிராம். நான் ஏர்பேட்டில் கழுவிவைத்த காலி டப்பா அறுபது கிராம்தான். அடிப்பக்கத்தைக் கத்தியால் அறுத்து மடக்கினேன்.

உள்ளே சுவரோரமாக ஒட்டிக்கொண்டு, நெய் உறைந்தாற்போல், பளீரென்று வெள்ளைக் கட்டி.

அக்கா ஒரு விரலால் வழித்து நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். பிறகு கோணிப்பையைத் தரையில் கொட்டினார். போன ஞாயிற்றுக்கிழமையின் டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் எறும்பு வரிசை ஓட்டை வழியாக உள்ளே போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. எறும்புகள் ஆரோக்கியமாக இருந்தன.

“அடப்பாவிங்களா,” என்றார். எறும்புகளைச் சொன்னாரா எங்களையா தெரியவில்லை. “மூணு வாரமா எறும்புக்கா ஆக்கிப் போட்டேன்?”

“இவ்ளோ கனமா இருந்துச்சே, தோணலியாக்கா?”

“புது கம்பெனி இல்ல? நல்ல தகரமாப் போட்டிருக்கான்னு நெனச்சேன்.” உடனே நிமிர்ந்தார். “பழைய கம்பெனி டப்பா இப்படி இல்லப்பா. ரெண்டு ஓட்ட போட்டா கடகடன்னு ஊத்திக்கினு வந்துரும். மழ பேஞ்சாலும் சரி, பனி பேஞ்சாலும் சரி.”

பழைய டப்பா ஒன்றில் அக்கா கடுகு போட்டுவைத்திருந்தார். லேபிள் கிழியாமல் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தேன். பழையதில்: தேங்காய்ச் சாறு, தண்ணீர், E435, E412. புதியதில்: தேங்காய்ச் சாறு, தண்ணீர். அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் பவர்லூம். பாவு நூலுக்குக் கஞ்சி போடாமல் தறியில் ஏற்றினால் நூல் சிலும்பி இழை இழையாகப் பிரிந்துவிடும், கஞ்சிதான் பிடித்துவைக்கும். தேங்காய்ப்பாலுக்கு அந்தக் கஞ்சி வேலையைச் செய்கிறவை இந்த இரண்டு எண்கள். அவை இல்லாத பால் சும்மா நின்றால் கொழுப்பு மேலே போகும், தண்ணீர் கீழே போகும். தேங்காய் எண்ணெய் உறைகிற குளிர் இருந்தால் மேலே போனது அங்கேயே கட்டியாகி உட்கார்ந்துகொள்ளும். ஏர்பேட்டுக்குப் போன டப்பா வெயிலில் உருகி, பஸ் குலுக்கலில் கலந்து, சீராகிவிட்டது. மெஸ்ஸில் இருந்தவற்றுக்கு அந்த பஸ் வசதி இல்லை.

வெள்ளிக்கிழமை நாலு மணி. வார்டன் அறை. மேசைமேல் இரண்டு சீட்டு, கடுகு டப்பா, அறுத்த டப்பா எல்லாவற்றையும் வைத்தேன். அக்கா கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் சொல்லி முடிக்கும்வரை வார்டன் சார் குறுக்கே பேசவில்லை. வெள்ளைக் கட்டியைப் பென்சிலால் குத்திப் பார்த்தார்.

“அட, ஆமாம். வெண்ணெய் மாதிரின்னா இருக்கு! அப்போ அடியில இருக்கறது?”

“பெரும்பாலும் தண்ணிதான் சார். நாங்க மூணு வாரமாச் சாப்பிட்டது அதுதான்.”

“சரி, நன்னா இருந்த கம்பெனியை மாத்தினது யார்? அவாளைன்னா கேக்கணும்?”

ஃபைலைத் திறந்து காட்டினேன். நவம்பர் மாதக் கடிதம். ‘E435 எதிலிருந்து எடுக்கப்படுகிறது என்று டப்பாவில் இல்லை. மிருகக் கொழுப்பாகவும் இருக்கலாம். ஆகவே வேறு கம்பெனி பார்க்கவும்.’ கீழே கையெழுத்து. ஸ்ரீனிவாசராகவன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். கையெழுத்து அங்கேயே இருந்தது.

“மிருகக் கொழுப்பா இருக்குமோ, இருக்காதோ?”

“செடியிலேர்ந்தும் எடுக்கலாம், மிருகத்துலேர்ந்தும் எடுக்கலாம் சார். எதுன்னு அவங்க போடல.”

“அப்போ நான் வேண்டாம்னதும் தப்பில்லே.”

“தப்பில்ல சார். அக்கா ரெண்டு ஓட்டை போட்டதும் தப்பில்ல. சீட்டை ஒட்டினது மட்டும்தான் தப்பு. அது நான்.”

அவர் மினிட்ஸ் நோட்டை எடுத்து எழுதினார்: ‘செல்லியம்மா மீது தவறில்லை. காரணம்: மார்கழி.’ அக்காவுக்குப் படித்துக் காட்டினார். “திருப்திதானேம்மா?”

“இல்ல சார்.”

பேனா நின்றது.

“பையத் தொறந்தது கேட்டுல, அத்தினி பேரு முன்னால. காயிதம் இந்த ரூமுக்குள்ள. அத்த யாரு வந்து பாப்பான்? நீங்க ஞாயித்துக்கெழம மெஸ்ஸுக்கு வரணும். எல்லாரும் பாக்க எங்கையால வாங்கித் துன்னணும். துன்னா இருக்கறேன். இல்லன்னா நீங்க சொன்னமாரியே பொங்கலுக்கு முன்னாடி வேற ஆள வெச்சிக்குங்க.”

“நான் வெளியில எடுத்துக்கறதில்லையேம்மா.”

“அது உங்க பாடு சார்.” போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை டப்பாக்களை வெந்நீர் அண்டாவில் அரைமணி நேரம் குளிப்பாட்டி, மூடியை முழுசாக வெட்டி எடுத்தோம். பதினோரு மணிக்கே வாசனை மாடிக்கு ஏறிவிட்டது. பன்னிரண்டு மணிக்கு அறுபது பேர் தட்டோடு நின்றார்கள். பன்னிரண்டரைக்கு வார்டன் சார் வந்தார். வேட்டி, திருமண், தோளில் துண்டு. எக்ஸாம் ஹாலுக்குள் வருகிற மாணவன் மாதிரி வந்தார்.

என்னை ஓரமாக அழைத்தார். “மணிவேல், ஒண்ணு கேக்கறேன். டப்பாவுக்குள்ள இருக்கிற பால் பச்சையா, காய்ச்சினதா?”

கேள்வியின் அர்த்தம் எனக்குப் புரிந்தது. பச்சை என்றால் டப்பாவிலிருந்து ஒரு ஸ்பூன் நேராக எடுத்துக்கொள்வார். பிறத்தியார் சமைத்தது ஆகாது, சமைக்காதது ஆகும். அந்த ஒரு ஸ்பூனில் அக்கா வேலையில் இருப்பார். ‘பச்சைதான் சார்’ என்று சொல்லிவிட இரண்டு நொடி போதும். ஆனால் அதே வாரத்தில் இன்னொரு தடவை எனக்குத் தோன்றியதை எழுதி ஒட்டுகிற வேலை வேண்டாம் என்று இருந்தது.

“காய்ச்சினது சார். டப்பாவ மூடினப்புறம், நூத்தி இருபது டிகிரிக்கு மேல.”

“ஓ.” அவர் முகம் விழுந்தது. “லேபிள்ல அது இல்லையே.”

“லேபிள்ல நிறைய இல்ல சார்.”

இது அக்காவின் காதில் விழுந்திருக்க வேண்டும். கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போனார். ரமணா என் தோளைப் பிடித்துக்கொண்டான். அக்கா போய்விட்டார் என்றே நினைத்தேன்.

திரும்பி வந்தபோது கையில் ஒரு முழுத் தேங்காய் இருந்தது. வாசல்படியில் ஓங்கி ஒரு போடு. இரண்டாகப் பிளந்தது. கத்தியால் ஒரு சில்லு நெம்பி எடுத்து, கழுவி, எவர்சில்வர் தட்டில் வைத்து நீட்டினார்.

“இத்த யாரும் காச்சல சார். எங்கையிதான் பட்டிருக்கு.”

வார்டன் சார் தட்டைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். சில்லை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அறுபது பேர் வாய் திறக்காததால் அவர் மெல்லுகிற சத்தம் கடைசி மேசைவரை கேட்டது. நன்றாக மென்றார். விழுங்கினார். பிறகு, மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

“இதுல கொழுப்பு எவ்வளவு?”

“நூறு கிராமுக்கு முப்பத்துமூணு சார்.”

“டப்பாவுல பதினேழுதானே?”

“ஆமா சார். இது கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு.”

“அப்படியா!” என்றார், நிஜமான ஆச்சரியத்தோடு. ஒரு கணம் யோசித்துவிட்டு, தட்டை மறுபடியும் அக்காவிடம் நீட்டினார்.

அக்கா இன்னொரு சில்லு நெம்பிப் போட்டார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, அண்டாவுக்குப் பின்னால் தன் இடத்துக்குப் போனார்.

“இன்னா வேடிக்க? சோறு ஆறிப்போவுது. தட்ட நீட்டு.”